மூக்குத்தி இருந்த பக்கம்

போன மாதம் அடையாள அட்டைக்காகப் படம் எடுக்கப் போயிருந்தேன். "திங்கட்கிழமை வாங்க தாத்தா" என்று ரசீதில் தேதி போட்டுக் கொடுத்தாள் கடைப் பெண். திங்கட்கிழமை போனால் இன்னொரு திங்கட்கிழமை. கூட வந்த மகன் சத்தம் போட்டான். நான் ரசீதை மடித்துப் பையில் வைத்துக்கொண்டேன். உள்ளேயிருந்து வந்த, படம் கழுவும் ஹைப்போவின் புளித்த வாடை என் வாயை அடைத்துவிட்டது.

முப்பத்தாறாம் வருடம் நானும் அந்த வாடைக்குள்தான் உட்கார்ந்திருந்தேன். கோயம்புத்தூரில் ஒரு போட்டோ ஸ்டுடியோவில் குமாஸ்தா; ரசீது எழுதுவது வேலை. தேதியை என்னைப்போல் அழகாக எழுதுகிறவன் ஜில்லாவிலேயே இல்லை என்று ஒரு நினைப்பு. அந்தத் தேதிப் பைத்தியம்தான் இன்றைக்கு ஓர் அலமாரி நிறைய டைரியாக நிற்கிறது.

அந்தச் சித்திரையில் சூலூரிலிருந்து ஒரு பருத்தி விவசாயி மனைவியோடு வந்தார். மனைவிக்குத் தீராத நோய். முகம் வாடுவதற்குள் ஒரு படம் வேண்டும் என்று என்னிடம் மெதுவாகச் சொன்னார். அடுத்தவர் மனைவியை நிமிர்ந்து பார்க்கும் வழக்கம் எனக்கு இல்லை. முதலாளி கறுப்புத் துணியை விலக்கிக் காமிராவின் பின்கண்ணாடியைக் காட்டியபோதுதான் அந்த அம்மாவைப் பார்த்தேன். தலைகீழாகத் தெரிந்தார். என்னையறியாமல் அதை வாய்விட்டுச் சொல்லிவிட்டேன்.

"தலைகீழாவாங்க தெரியறேன்?" என்று கேட்டுச் சிரித்தார்.

அன்று மாலையே படம் கெட்டது. வெயிலில் சூடேறியிருந்த தண்ணீரில் கழுவியதால் கண்ணாடித் தகட்டின் பூச்சு உருகி, முகம் வழிந்துபோயிற்று. ஆள் அனுப்பியிருந்தால் மறுநாளே வேறு படம் எடுத்திருக்கலாம். கடைப் பேர் கெட்டுவிடும் என்றார் முதலாளி. திங்கட்கிழமை வந்தவரிடம், படம் பிரமாதமாக வந்திருக்கிறது, பிரேம்தான் பாக்கி என்று சொல்லி, தேதியை அடித்துவிட்டு அடுத்த திங்களை எழுதினேன். பிரேம் என் சொந்தச் சேர்க்கை. இப்படியே மூன்று வாரம்.

நாலாவது திங்கள் அவர் மொட்டைத் தலையோடு வந்தார். மனைவி போய்விட்டிருந்தார். முதலாளி உண்மையைச் சொல்லிக் கைகூப்பினார். விவசாயி குரலை உயர்த்தவில்லை. ரசீதை என்முன் நீட்டினார்.

"அடுத்த தேதி போடுங்க தம்பி."

போட்டேன். அதன்பிறகு திங்கள் தவறாமல் முதல் பஸ்ஸில் வந்து பெஞ்சில் உட்காருவார். கல்யாண ஜோடி யாராவது உள்ளே வந்ததும் ஆரம்பிப்பார்.

"ஏனுங்க தம்பி, என்ற ஊட்டுக்காரி படம் பிரமாதமா வந்திருக்குதுன்னீங்களே. எப்படியிருக்குதுன்னு இவங்களுக்குச் சொல்லுங்க."

சொல்லாமல் விடமாட்டார். சிரித்த முகம், இடப்பக்கம் மூக்குத்தி என்பேன்.

"சோத்தாங்கைப் பக்கமுங்க. படத்த நல்லாப் பாத்துச் சொல்லுங்க."

காமிராக் கண்ணாடியில் வலமும் இடமாக மாறும் என்பது அங்கேயே வேலை பார்த்த எனக்கு உறைக்கவில்லை; கண்ணில் நின்றதை நம்பி ஒவ்வொரு திங்களும் இடப்பக்கம் என்றே சொன்னேன். வந்த ஜோடி நழுவிவிடும். முதலாளி இருட்டறையை விட்டு வெளியே வரமாட்டார். பதினேழு திங்கட்கிழமைகள், டைரியில் இருக்கின்றன. பதினெட்டாவது வருவதற்குள் முதலாளி கடையைப் பூட்டிக்கொண்டு ஊரைவிட்டே போனார்.

நான் மில்லில் சேர்ந்து இரண்டு வருடம் கழித்து, சூலூர் பஸ்ஸில் அவர் என் பக்கத்தில் வந்து உட்கார்ந்தார். கன்னம் ஒட்டியிருந்தது. என் காதருகே குனிந்தார்.

"தம்பி, மூக்குத்தி எந்தப் பக்கமுங்க போட்டிருந்தா? எனக்கு நெனப்பே வரமாட்டேங்குது."

பழைய குத்தல்தானா என்று கண்ணைப் பார்த்தேன். இல்லை. நிஜமாகவே மறந்திருந்தார். பதினேழு முறை அவரே திருத்திய பதில் என் நுனிநாக்கில் இருந்தது. ஜோடிகள் முன் பட்ட அவமானமும் கூடவே இருந்தது.

"ஞாபகமில்லீங்க" என்றேன்.

அவர் தலையாட்டிவிட்டு ஜன்னல் பக்கம் திரும்பிக்கொண்டார்.

ஸ்டுடியோ இருந்த இடத்தில் இப்போது பாத்திரக்கடை. அந்த பஸ்ஸும் இல்லை, அவரும் இல்லை. தேதிகள் எல்லாம் பத்திரமாக இருக்கின்றன; அந்த அம்மாவின் பெயர்தான் இல்லை. ரசீதில் கணவர் பெயரை மட்டுமே எழுதுவோம். அந்த அம்மாவின் முகம் இன்று என் ஒருவனிடம்தான் மிச்சம். அதுவும் தலைகீழாக.