நான் எடுத்துக்கொண்ட பி.டி. பீரியட்

பள்ளியில் என் மேசை இழுப்பறையில் மஞ்சள் கம்பளி நூல் பந்து ஒன்று கிடக்கிறது. பூப்பந்தாட்டப் பந்து. இருபது வருடத்துக்கு முன்னால், இதே பட்டாபிராம் பள்ளியில், பத்தாம் வகுப்பு மாணவி ஒருத்தியின் மடியிலிருந்து நான் பிடுங்கியது. நான் தேற்றம் நடத்திக்கொண்டிருந்தேன், அவள் அதை உருட்டிக்கொண்டிருந்தாள். பரீட்சை முடிந்ததும் வாங்கிக்கொள் என்றேன். அவள் வந்து கேட்கவில்லை, நானும் கூப்பிட்டுக் கொடுக்கவில்லை.

அவள்தான் பெண்கள் பூப்பந்து அணிக்குக் கேப்டன். முத்தாபுதுப்பேட்டையிலிருந்து சைக்கிளில் வருவாள். அப்போதெல்லாம் மைதானத்தின் நடுவில் பூப்பந்துதான், கிரிக்கெட் பையன்கள் ஓரமாக ஆடுவார்கள். பி.டி. டீச்சர் சுண்ணாம்புக் கோட்டைத் தானே குனிந்து போடுவார். அரையாண்டுத் தேர்வில் என் பாடத்தில் பாதி வகுப்பு தேறவில்லை. போர்ஷன் முடியவில்லை என்று வாரத்தின் இரண்டு பி.டி. பீரியடையும் கேட்டு வாங்கினேன். கேட்டு வாங்கினேன் என்பது மரியாதைக்குச் சொல்வது. எடுத்துக்கொண்டேன். சாயங்காலமும் என்னுடைய ஸ்பெஷல் கிளாஸ்தான். கணக்கு டீச்சர் இப்படிச் செய்வது எந்தப் பள்ளியிலும் யாருக்கும் தப்பாகத் தெரியாது.

மாவட்டப் போட்டிக்கு மூன்று வாரம் இருக்கும்போது பி.டி. டீச்சர் ஸ்டாஃப் ரூமில் என் முன்னால் வந்து நின்றார். "ஒரு பீரியடாவது குடுங்க டீச்சர். போன மார்க்க அடுத்த பரீட்சையில புடிச்சிக்கலாம். பதினாலு வயசுக் காலு திரும்பி வராது" என்றார்.

"ரிசல்ட் கொறஞ்சா ஹெச்.எம். உங்களையா கேப்பாங்க?" என்றேன் நான். சுற்றியிருந்தவர்கள் சிரித்தார்கள். அவர் சிரிக்கவில்லை.

முதல் ஆட்டத்திலேயே தோற்றுத் திரும்பினார்கள். அடுத்த வருடம் அணியே இல்லை. பி.டி. டீச்சரைப் புத்தகம் விநியோகிக்கவும் பிரேயரில் வரிசை நிறுத்தவும் வைத்துக்கொண்டார்கள்.

இன்று அந்த இடத்தில் கிரிக்கெட்டுக்கு வலை கட்டியிருக்கிறது. பிள்ளைகளுக்குப் பூப்பந்தில் ஆர்வம் போய்விட்டது, காலம் மாறிவிட்டது என்று பேசிக்கொள்கிறார்கள். கேட்டால் எனக்குப் பற்றிக்கொண்டு வருகிறது. ஆர்வம் எங்கே தானாகப் போனது? வாரத்துக்கு இரண்டு பீரியடாக நாங்கள்தான் பிடுங்கினோம். இப்போது கிரிக்கெட் ஆடும் பெண்களுக்கும் அதையேதான் செய்கிறோம். பத்தாம் வகுப்பு டைம்டேபிளில் பி.டி. என்று அச்சடித்த கட்டத்துக்குள் இந்த வருடமும் பென்சிலால் 'கணக்கு' என்று எழுதியிருக்கிறது. எழுதியது என் கைதான்.

போன மாதம் அந்தக் கேப்டன் தன் மகளோடு என்னைப் பார்க்க வந்தாள். மகள் இப்போது என் வகுப்பில் பத்தாவது படிக்கிறாள். "நல்லா பௌலிங் போட்றா டீச்சர். கணக்குல கம்மியா வாங்கினா ஊட்ல நான் பாத்துக்கிறேன். இவ பி.டி. பீரியட மட்டும் எடுத்துக்காதீங்க" என்றாள். அவள் குரலில் கோபம் இல்லை. இருந்திருந்தால் தாங்கியிருப்பேன்.

இழுப்பறையைத் திறந்து அந்தப் பந்தை எடுத்து நீட்டினேன். வாங்கி, பிசிறு விட்ட நூலைக் கட்டைவிரலால் நீவினாள்.

"இது இன்னாம்மா?" என்றாள் மகள்.

 அம்மா பந்தை என் மேசைமேல் திரும்ப வைத்தாள்.

"பீரியடு மட்டும் போதும், டீச்சர்."