அல்சர் இல்லை என்று ஷோபா கண்டுபிடித்தது

விவேக் நகரில் குழந்தை இயேசு கோயிலுக்குப் பின்னால் உள்ள சந்துகளில் யார் வீட்டில் எது காணாமல் போனாலும் முதலில் ஷோபாவிடம்தான் வருவார்கள். மொட்டை மாடியில் காயப்போட்ட நைட்டி மாயமானதற்கெல்லாம் போலீஸ் வருமா? ஷோபா வருவாள். பேக்கரியில் பில் போடுகிற வேலை முடிந்ததும் வீட்டுக்குக்கூடப் போகாமல் நேராக வந்து நிற்பாள். ஒரு சுற்றுப் பார்ப்பாள். யாரையும் ஒரு வார்த்தை கேட்காமல் போய்விடுவாள். மறுநாள் சாயங்காலத்துக்குள் நைட்டி கொடிக்குத் திரும்பியிருக்கும்.

ஒரு வருடம் கிறிஸ்துமஸ் சமயத்தில் சந்து முனையில் தொங்கிய பெரிய நட்சத்திரத்தை யாரோ கிழித்துப் போட்டுவிட்டார்கள். பழி, மாடியில் வாடகைக்கு இருந்த ஐ.டி. பையன்கள் தலையில் விழுந்தது. ஷோபா மட்டும் நட்சத்திரத்தின் சொந்தக்காரர் டிரேவரைப் பார்த்துச் சிரித்தாள். எதிர் வீட்டுக்காரர் இதைவிடப் பெரிதாக ஒன்று கட்டிவிட்ட வயிற்றெரிச்சலில், புதிதாக வாங்க மனைவியிடம் சொல்ல ஒரு சாக்கு வேண்டுமென்று மனிதர் தானே கிழித்திருந்தார். கிழிப்பதற்கு முன்பே புது நட்சத்திரத்துக்கு நீளமாக வயர் வாங்கி வைத்ததுதான் அவர் செய்த தப்பு. அதற்குப் பிறகு ஷோபா எதிரில் வந்தால் டிரேவர் ஸ்கூட்டரைத் திருப்பிக்கொண்டு வேறு வழியில் போக ஆரம்பித்தார்.

இந்தக் கூர்மையெல்லாம் அவளுக்கு மாத நாவல்களிலிருந்து வந்தது. சிவாஜி நகரில் ஒரு பேப்பர் கடையில் சொல்லி வைத்து வாங்குவாள். எல்லாம் ஒரே வரிசை. பனிச்சோலை என்ற மலையூரில் குணவதி என்று ஒரு தையல் டீச்சர். ரிட்டயர் ஆனவர், தனியாள். ஊரில் அடிக்கடி கொலை நடக்கும். இன்ஸ்பெக்டர் திணறுவார். டீச்சர் ஒரு கையில் சுக்கு காபியும் இன்னொரு கையில் பின்னல் ஊசியுமாகக் கண்டுபிடித்துவிடுவார். அந்தச் சின்ன ஊரில் மாதம் ஒரு கொலை நடந்தால் இந்நேரம் ஊரே காலியாகியிருக்க வேண்டாமா என்று மகள் நிக்கோல் கேலி செய்வாள். ஷோபா அதைக் காதிலேயே வாங்கமாட்டாள்.

அவளுக்கு அந்தப் புத்தகங்கள் ஏன் அவ்வளவு பிடித்தன என்பதற்குக் காரணம் உண்டு. அவள் பிறந்து வளர்ந்தது ஒக்கலிபுரத்தில். அவள் பள்ளிக்கூடம் போய்க்கொண்டிருந்த வயதில் அண்ணன் ரயில்வே லைன் ஓரம் செத்துக் கிடந்தான். விழுந்தானா, தள்ளினார்களா, தானே போனானா, யாருக்கும் தெரியவில்லை. போலீஸ் எழுதிக்கொண்டு போனதோடு சரி. அம்மா சாகிற வரைக்கும் சோற்றைப் பிசைந்துகொண்டே திடீரென்று நிறுத்தி, “ஏன்டா ராஜா?” என்று கேட்பாள். குணவதி டீச்சரின் ஊரில் அப்படிக் கேட்டுவிட்டு யாரும் சும்மா உட்கார்ந்திருக்க வேண்டியதில்லை. ஒவ்வொரு சாவுக்கும் ஒரு காரணம் இருக்கும். கடைசி அத்தியாயத்தில் சம்பந்தப்பட்டவர்களையெல்லாம் கூடத்தில் உட்கார வைத்து டீச்சர் உண்மையைச் சொல்லுவார். அழுகிறவர்கள் அழுவார்கள், அப்புறம் எல்லோரும் காபி குடிப்பார்கள். அந்தக் காபிக்காகத்தான் ஷோபா படித்தாள் என்றுகூடச் சொல்லலாம்.

கணவர் டொமினிக் ஸ்கூல் வேன் ஓட்டுகிறவர். புத்தகம் பக்கம் தலைவைத்துப் படுக்கமாட்டார். ஆனால் ராத்திரி சாப்பாட்டில் ஷோபா கதை சொல்லக் கேட்பார். வேனை விட்டுவிட்டு, சேக்காளிகளோடு சீட்டாடி, ஒரு ரவுண்டு போட்டுவிட்டு அவர் வீடு வரத் தாமதமாகும். அதுவரை ஷோபா சாப்பிடாமல் காத்திருப்பாள். பாதிக் கதையில் நிறுத்தி, “யாருங்க கொன்னது, சொல்லுங்க பாப்போம்?” என்பாள். அவர் யோசிக்கக்கூட மாட்டார். “நீயே சொல்லு. நீ சொன்னா அது ரைட்டாத்தான் இருக்கும்” என்பார். வெளியிலும் அதே பேச்சுதான். என் பொண்டாட்டி கண்ணில் மண்ணைத் தூவ ஒருத்தன் பிறந்து வர வேண்டும் என்று சந்து முழுக்கப் பெருமையடிப்பார். போன வருடம் நெஞ்சுவலி வந்து ஸ்டென்ட் வைத்தபோது, ஆபரேஷன் தியேட்டருக்குள் போகும்போதும் டாக்டரைக் கேட்காமல், “நான் பொழைப்பேனா ஷோபா?” என்று இவளைத்தான் கேட்டார்.

இந்த வருடம் மழை பிடித்த சமயத்தில் ஷோபாவுக்கு வயிற்றில் வலி வந்தது. முதலில் கேஸ் என்றாள், பிறகு சோடா குடித்தாள், பிறகு சாப்பாடே இறங்காமல் ஆஸ்பத்திரிக்குப் போனாள். ஸ்கேன், ரத்தம், தொண்டை வழியே ட்யூப் விட்டுப் பார்த்தது எல்லாம் ஆயிற்று. ரிசல்ட் வந்த அன்று, எடை பார்த்துவிட்டு வாருங்கள் என்று நர்ஸ் அவளை வெளியே அழைத்துப் போனாள். திரும்பி வந்தபோது டாக்டர் அறைக் கதவருகே நிக்கோலும் டொமினிக்கும் நின்றிருந்தார்கள். டொமினிக்கின் கண் சிவந்திருந்தது.

“அல்சர் மம்மி. மாத்திரைல சரியாயிடும்” என்றாள் நிக்கோல். அதைச் சொல்லும்போது அவள் அம்மாவின் கைப்பையைத் திறந்து திறந்து மூடிக்கொண்டிருந்தாள்.

ஷோபா கைப்பையை வாங்கிக்கொண்டாள். ஊரில் எல்லா வீட்டிலும் இப்படித்தான் செய்வார்கள் என்பது அவளுக்குத் தெரியாதா? நோயாளியைத் தவிர மற்ற எல்லோருக்கும் நோயின் பெயர் தெரிந்திருக்கும். அவள் அப்பாவுக்கு அவளே அப்படித்தான் செய்தாள். கடைசி வரை மஞ்சள்காமாலை என்று சொல்லிக் கீழாநெல்லி அரைத்துக் கொடுத்தாள். அவரும் முகம் சுளிக்காமல் குடித்தார்.

குணவதி டீச்சரிடம் அவள் கற்றுக்கொண்ட முதல் பாடம், யார் திடீரென்று நல்லவராகிறார் என்று பார்ப்பது. வீட்டில் எல்லோருமே நல்லவர்களாகிவிட்டார்கள். நிக்கோல் ஆபீஸ் போவதை நிறுத்திவிட்டு வீட்டிலேயே லேப்டாப்பை வைத்துக்கொண்டாள். ஜெர்மனிக்குப் போக இருந்தவள், புராஜெக்ட் கேன்சல் ஆகிவிட்டது என்றாள். மாத்திரைகளை அட்டையிலிருந்து பிரித்து டப்பாவில் போட்டு வைத்தாள், அட்டைகளைக் கண்ணில் காட்டவே இல்லை. வெந்நீர் வைக்கத் தெரியாத பெண், சமையல்கட்டில் போனை நிமிர்த்தி வைத்து, “மம்மி, மீன் கொழம்புக்கு எப்ப புளி ஊத்துவ? பேசிக்கிட்டே செய்” என்று படம் பிடித்தாள். பக்கத்து வீட்டுச் சரசு வருடக்கணக்காகத் திருப்பித் தராத இட்லிப் பானையைத் தேய்த்துப் பளபளவென்று கொண்டுவந்து வைத்தாள். வைத்துவிட்டு, “வரேன் ஷோபாக்கா” என்று சொல்லும்போது குரல் உடைந்து ஓடிவிட்டாள். இட்லிப் பானைக்காக யாராவது அழுவார்களா?

டொமினிக்கின் மாற்றம்தான் எல்லாவற்றையும்விடப் பெரிது. சீட்டை விட்டார், குடியை விட்டார். கிறிஸ்துமஸுக்கு மட்டும் கோயிலுக்குப் போகிற மனிதர் வியாழன்தோறும் நவநாள் செபத்துக்குப் போய் மெழுகுவர்த்தி ஏற்றினார். வேனை நிறுத்தியதும் வீட்டுக்கு ஓடிவந்து, குழைய வடித்த சோற்றில் ரசம் ஊற்றிப் பிசைந்து, அவள் ஒரு வாய் வாங்கும் வரை எதிரிலேயே உட்கார்ந்திருந்தார்.

இதையெல்லாம் கூட்டிப் பார்த்து, இப்படி மறைக்கிற வியாதி எதுவாக இருக்கும் என்று தெரிந்துபோன அன்று ஷோபா குளியலறையில் தண்ணீரைத் திறந்துவிட்டு அழுதாள். பயம் இல்லை என்று சொன்னால் பொய். ஆனால் பயத்தைவிடப் பெரிதாக ஒரு கோபம் இருந்தது. சாகப் போகிறவள் நான். என்னிடம் மட்டும் ஏன் சொல்லவில்லை? எத்தனை நாள் இருப்பேன், வலி எப்படி இருக்கும், என்னை எந்தக் கல்லறையில் வைப்பீர்கள் என்று கேட்க ஆயிரம் இருந்தது. கேட்கத்தான் ஆள் இல்லை. மூன்று பேர் உள்ள வீட்டில் அவளைச் சுற்றி மூடி போட்டதுபோல் இருந்தது. முப்பது வருடம் பக்கத்தில் படுத்த மனிதர் முகத்தைப் பார்த்துப் பொய் சொல்கிறாரே என்பதுதான் அவளுக்குத் தாங்க முடியாமல் இருந்தது. அம்மாவைப் போலத் தானும் பதில் கிடைக்காமல் போய்ச் சேரக் கூடாது என்று முடிவு செய்தாள். குணவதி டீச்சர் செய்வதைத் தானும் செய்வதாகத் தீர்மானித்தாள்.

ஞாயிற்றுக்கிழமை பூசை முடிந்து வந்ததும் சரசுவையும் சாப்பிடக் கூப்பிட்டாள். வேண்டாம் என்று சொல்லச் சொல்லக் கேட்காமல் பீஃப் வறுவலும் தேங்காய்ச் சோறும் அவளே செய்தாள். எல்லோரும் உட்கார்ந்தார்கள். அவள் மட்டும் நின்றாள். நிற்கவே முடியவில்லை, நாற்காலியின் முதுகைப் பிடித்துக்கொண்டாள்.

“நான் ஒண்ணு கண்டுபுடிச்சிருக்கேன். சொல்றேன், கேளுங்க” என்றாள்.

“யார் வீட்டு கேஸு?” என்று டொமினிக் ஆசையாகக் கேட்டார்.

“நம்ம வீட்டு கேஸு.”

நிக்கோல் சாப்பிடுவதை நிறுத்தினாள். ஷோபா ஒவ்வொன்றாகச் சொன்னாள். ஜெர்மனி, மாத்திரை டப்பா, மீன் குழம்புப் படம், இட்லிப் பானை. சரசு முந்தானையால் வாயைப் பொத்திக்கொண்டாள். கடைசியில் ஷோபா கணவர் பக்கம் திரும்பினாள். இந்த இடத்தை மனதுக்குள் பல தடவை சொல்லிப் பார்த்திருந்தாள்.

“இவங்களைக்கூட மன்னிச்சிருவேன். நீங்க எப்படிங்க? குடிய விட்டீங்க. நவநாளுக்குப் போறீங்க. ரசஞ்சோறு ஊட்டுறீங்க. டாக்டர் ரூமுக்கு வெளியில அழுதுட்டு நின்னீங்க. எனக்கு வந்திருக்கறது அல்சர் இல்ல, கேன்சர்னு உங்களுக்கு அன்னிக்கே தெரியும். எங்கிட்ட ஏன் சொல்லல?”

டொமினிக் அவளை வெறித்துப் பார்த்தார். கையில் பிசைந்த சோறு அப்படியே இருந்தது.

“இன்னா சொல்றே ஷோபா? நான் எங்க ரூமுக்குள்ள போனேன்? வேனை எடுக்கச் சொல்லி செக்யூரிட்டி சத்தம் போட்டான், கீழ போயிட்டேன். வந்தப்புறம் பாப்பாதான் சொன்னா, அல்சரு, நேரத்துக்குச் சாப்புடாததால வந்ததுன்னு.” கையிலிருந்த சோற்றைத் தட்டில் போட்டார். “நீ யாருக்காகச் சாப்புடாம கெடந்தே? எனக்காகத்தானே? நான் அங்க சீட்டாடிக்கிட்டு இருந்தேன், நீ இங்க வயித்தைக் காயப்போட்டுக்கிட்டு இருந்தே. நான்தான் உனக்கு அந்த நோவைக் குடுத்தேன். அதுக்குத்தான் அழுதேன். அதுக்குத்தான் விட்டேன். அல்சர் சரியாவட்டும்னுதான் நவநாள் போறேன்.”

ஷோபா திரும்பி மகளைப் பார்த்தாள். நிக்கோல் முகத்தை இரண்டு கையாலும் மூடிக்கொண்டு, சத்தம் வராமல், தோள் மட்டும் குலுங்க அழுதுகொண்டிருந்தாள். ஸ்டென்ட் வைத்த அப்பாவிடமும் சொல்லாமல், அம்மாவிடமும் சொல்லாமல், சரசுவிடம் மட்டும் சொல்லிவிட்டு, அந்தப் பெண் இத்தனை நாள் இந்த வீட்டுக்குள் தன்னந்தனியாக இதைச் சுமந்திருக்கிறது. அப்போதுதான் அது ஷோபாவுக்குப் புரிந்தது. மற்ற எல்லாவற்றையும் சரியாகக் கண்டுபிடித்தவள், இந்த ஒரு மனிதரைத் தப்பாகப் பிடித்துவிட்டாள்.

“அல்சர் இல்லன்னா... பாப்பா, மம்மி இன்னா சொல்றா?” என்று டொமினிக் மகளைக் கேட்டார். இடது கை நெஞ்சுக்குப் போயிருந்தது.

ஷோபா நாற்காலியை விட்டுவிட்டு அவர் பக்கத்தில் தடுமாறி உட்கார்ந்தாள். சொன்னதைத் திரும்ப அள்ளி எடுத்துக்கொள்ள முடிந்தால் அந்த நிமிடமே செத்துப்போகவும் அவள் தயாராக இருந்தாள்.

“ஒண்ணுமில்லைங்க. அல்சர்தான். கண்ட புக்கையும் படிச்சுட்டு நானா எதையோ நெனைச்சுக்கிட்டேன். சரசு, நீ சொல்லேன்டி! அல்சர்தாங்க. நான் தப்பாக் கண்டுபுடிச்சிட்டேன்” என்று அவர் முகத்தைத் தன் பக்கம் திருப்பினாள். வாழ்க்கையில் முதல் தடவையாக, தான் கண்டுபிடித்ததை அவர் நம்பாமல் போக மாட்டாரா என்று வேண்டிக்கொண்டாள்.

டொமினிக் அவள் கண்களையே பார்த்தார். அவர் உதடு கோணிக்கொண்டது.

“நீ என்னிக்குடி தப்பாக் கண்டுபுடிச்சே?” என்றார்.