மிச்சம் இரண்டு புள்ளி

யுத்தம் நடந்த வருஷங்களில் தூத்துக்குடியில் நானும் இன்னொரு வாத்தியாரும் அடுத்தடுத்த அறைகளில் இண்டர்மீடியட் பையன்களுக்கு ரசாயனம் நடத்தினோம். அவர் குள்ளமான மனிதர். துறைமுகத்து உப்புக்காற்றில் பித்தளைப் பொத்தான்களெல்லாம் பச்சை பூத்துப்போன ஒரே கோட்டு. எலெக்ட்ரானுக்கு ஒரு புள்ளி வீதம் சாக்பீஸால் தட்டித் தட்டித்தான் வைப்பார். நடுவில் பலகைத் தடுப்பு மட்டுமே என்பதால் எனக்கு எண்ணிக்கையே கேட்கும். அம்மோனியா என்றால் நைட்ரஜனைச் சுற்றி எட்டுத் தட்டு. மூன்று ஹைட்ரஜனோடு சேர்ந்தவை ஆறு, மிச்சம் இரண்டு. அந்த இரண்டைத்தான் பையன்கள் விட்டுவிடுவார்கள்.

“ஏலே, சேர ஆள் இல்லைன்னா அது இல்லாமப் போயிருமால?” என்று கத்துவார்.

ஒருநாள் பார்வையிட வந்த அதிகாரி அவருடைய கரும்பலகையைப் பார்த்து முகம் சுளித்தார். “புத்தகத்தில் கோடுதானே போட்டிருக்கிறது? இதென்ன புள்ளி?” என்று என்னிடம் கேட்டார். புள்ளிதான் சரி என்று எனக்குத் தெரியும். கோடு போட்டால் அந்த இரண்டுக்கு இடமே கிடையாது.

“புத்தகத்தில் இல்லை, சார்” என்றேன்.

சாயங்காலம் அந்த வாத்தியாரிடம், “நான் ஒண்ணும் பொய் சொல்லலையே” என்றேன்.

கோட்டுக் கையிலிருந்த சாக்பீஸ் தூளைத் தட்டிக்கொண்டே, “பொய் இல்ல வே. ரெண்டை விட்டுட்டீரு, அவ்வளவுதான்” என்றார்.

அடுத்த ஜூனில் அவருக்கு வேலை இல்லை. அவருடைய வகுப்பும் எனக்கே வந்தது. மூன்று கோடு போட்டுவிட்டுக் கையை உதறுவேன். மிச்சம் இரண்டு எங்கே என்று இதுவரை ஒரு பயலும் கேட்டதில்லை.