பின்வாசல் வெந்நீர்

இதை எழுத வேண்டும் என்று நினைத்து எத்தனையோ வருஷமாகிவிட்டது. ஒவ்வொரு கார்த்திகைக்கும் பேனாவை எடுப்பேன், இரண்டு வரி எழுதுவேன், வைத்துவிடுவேன். ஒரு மனிதர் இறந்ததைச் சொல்லாமல் இதைச் சொல்ல முடியாது. நல்ல நாளும் அதுவுமாக அந்தப் பேச்சு எதற்கு என்று ஒரு தயக்கம். வீட்டுக்குள் நடந்ததை ஊருக்குச் சொல்வதா என்று இன்னொன்று. பெரிய எழுத்தெல்லாம் எனக்கு வரவும் வராது. தமிழ் மீடியத்தில் பன்னிரண்டாவது, அப்புறம் நர்சிங் டிப்ளமோ, அவ்வளவுதான் என் படிப்பு.

போன வாரம் மாமியாரிடமே கேட்டுவிட்டேன். இப்போது அவருக்குக் காது கொஞ்சம் மந்தம், இரண்டு முறை சொல்ல வேண்டியிருந்தது. "எழுதிக்கோ," என்றார். "ஆனா என்னை ரொம்ப நல்லவளா ஆக்கிடாத. பக்கத்து ஊட்டுக்காரி சிரிப்பா."

நான் பிறந்தது கீழ்பென்னாத்தூர் பக்கம். அடி அண்ணாமலையில் வாழ்க்கைப்பட்டேன். கிரிவலப் பாதை ஓரத்தில் என் வீட்டுக்காரருக்கு ஒரு சின்னக் கடை. கற்பூரம், தண்ணி பாட்டில், பிஸ்கெட். படிப்பு முடிந்த கையோடு ஆவணியில் கல்யாணம். பேச்சுவார்த்தை நடக்கும்போதே என் அப்பா சொல்லிவிட்டார், பொண்ணு படிச்சிருக்கா, வேலைக்கு அனுப்பணும் என்று. மாமனார் இல்லாத வீடு, அதனால் பதில் மாமியாரிடமிருந்துதான் வந்தது. "போவட்டும். கொஞ்ச நாளு பாக்கலாம். ஊட்டுக்கு ஒத்து வரலன்னா நின்னுடணும்."

அவரைக் கொடுமைக்காரர் என்று யாரும் நினைக்க வேண்டாம். அவருடைய பயம் தீட்டைப் பற்றியது. சாவு வீட்டுக்குப் போய் வந்தால் தலைக்கு ஊற்றாமல் வாசப்படி மிதிக்க மாட்டார். அன்றைக்குப் பூராவும் பூஜை மாடத்துப் பக்கமே போக மாட்டார், விளக்கை வேறு யாராவதுதான் ஏற்ற வேண்டும். நானும் அப்படிப்பட்ட வீட்டில் வளர்ந்தவள்தான். அண்ணாமலையாரை நினைக்காமல் ஒரு வாய் காப்பி குடித்ததில்லை. ஆஸ்பத்திரி வேலை என்றால் சாவும் இருக்கும் என்று எனக்குத் தெரியாதா? தெரியும். ஆனால் படிக்கும்போது அப்படி எதுவும் என் கையில் நடக்கவில்லை. நடக்காத வரைக்கும் பார்த்துக்கொள்ளலாம் என்று இருந்துவிட்டேன்.

ஐப்பசியில் டவுனில் ஒரு சின்ன ஆஸ்பத்திரியில் சேர்ந்தேன். முதல் வாரம் டிஸ்சார்ஜ் ஆகிப் போன ஒரு அம்மாவிடம், வீட்டில் சொல்லும் பழக்கத்தில், "போயிட்டு வாங்கம்மா" என்று சொல்லிவிட்டேன். அந்தம்மா பையைக் கீழே வைத்துவிட்டு, "ஊட்டுக்கு கூப்புடு கண்ணு, வர்றேன். இங்க மட்டும் கூப்புடாத" என்றது. வார்டே சிரித்தது. எங்கள் இன்சார்ஜ் சிஸ்டர் கன்னியாகுமரிப் பக்கத்துக்காரர், சர்ச்சுக்குப் போகிறவர். அதற்கப்புறம் யார் டிஸ்சார்ஜ் ஆனாலும், "நீ வாயத் திறக்காம டாட்டா மட்டும் காட்டு" என்பார்.

அந்தச் சிஸ்டரை நினைத்தால் இன்றைக்கும் கை கூப்பத் தோன்றும். நரம்பு கிடைக்காமல் என் கை நடுங்கும்போது பக்கத்தில் வந்து நிற்பார். ஊசியை வாங்கிக்கொள்ள மாட்டார். சும்மா நிற்பார். நடுக்கம் நின்றுவிடும்.

கார்த்திகை வந்தது. புகுந்த வீட்டில் எனக்கு அது முதல் தீபம். மலையில் தீபம் தெரிந்ததும் வீட்டு விளக்குகளைப் புது மருமகள்தான் ஏற்ற வேண்டும் என்று அத்தைக்கு ஆசை. அகல்களை எல்லாம் கழுவிக் காயவைத்து, திரி திரித்து, பொரி உருண்டை பிடித்து வைத்திருந்தார். லீவு கேட்டேன். தீபத்தன்றைக்கு எந்த ஆஸ்பத்திரியிலும் லீவு கிடையாது, அதுவும் புதுசாகச் சேர்ந்தவளுக்கு. காலை டியூட்டி, ரெண்டு மணிக்கு விட்டுவிடுவார்கள், ஆறு மணிக்கு முன்னாடி வந்துவிடுவேன் என்று சொல்லிவிட்டுப் போனேன்.

அன்றைக்குக் காலையில் ஒரு பெரியவரைக் கொண்டுவந்தார்கள். கிரிவலம் நடக்கும்போது நெஞ்சு வலி. கூட வந்தது மகள் மட்டும். டாக்டர் பார்த்து, மருந்து ஏற்றி, மானிட்டர் போட்டோம். கொஞ்சம் தெளிந்ததும் அவர் என்னைக் கூப்பிட்டுக் கேட்டார், "ஏம்மா, இங்கேருந்து தீபம் தெரியுமா?"

அந்த ஜன்னலைத் திறந்தால் பக்கத்து லாட்ஜ் சுவர்தான் தெரியும். "சாயங்காலம் பாக்கலாம் ஐயா, இப்ப பேசாம படுங்க" என்றேன்.

"பேசாம படுக்கறதுக்கா இவ்ளோ தூரம் வந்தேன்?" என்று சிரித்தார்.

மகள், அண்ணனைக் கூட்டிவர பஸ் ஸ்டாண்டுப் பக்கம் போனார். போனவர் போலீஸ் தடுப்புக்கு அந்தப் பக்கம் மாட்டிக்கொண்டார். அன்றைக்குக் கூட்டம் எப்படி இருக்கும் என்று எங்கள் ஊர்க்காரர்களுக்குச் சொல்ல வேண்டியதில்லை. மத்தியானம் அவருக்கு மறுபடி வியர்த்துக் கொட்டியது. என் கையைப் பிடித்துக்கொண்டு, "மலை எந்தப் பக்கம்மா?" என்றார். நான் கையை நீட்டிக் காட்டினேன். அந்தப் பக்கம் தலையைத் திருப்பினார். திருப்பியபடியே கண் சொருகிவிட்டது. டாக்டர் ஓடி வந்தார், நெஞ்சை அழுத்தினோம், ஊசி போட்டோம், செய்ய வேண்டியதை எல்லாம் செய்தோம். அவர் திரும்பி வரவில்லை.

அப்புறம் உடம்பைத் தயார் செய்ய வேண்டும். டியூபை எல்லாம் எடுத்து, துடைத்து, தாடையும் கால் விரல்களும் கட்டி, சொந்தக்காரர்கள் பார்க்கிற மாதிரி வைக்க வேண்டும். நான் கட்டிலை மறைத்த ஸ்கிரீனைப் பிடித்துக்கொண்டு நின்றேன்.

"முதல் தடவையா? பயமா இருக்கா?" என்றார் சிஸ்டர்.

"பயமில்ல சிஸ்டர். இன்னிக்கு தீபம். நான்தான் வீட்ல விளக்கு ஏத்தணும்."

அவர் கையுறையை மாட்டிக்கொண்டார். "உங்க வழக்கம் எனக்குத் தெரியாது. நீ வெளிய நில்லு, நானும் ஆயாம்மாவும் பாத்துக்கறோம். தப்பா நினைக்க மாட்டேன்."

வெளியே நின்றிருக்கலாம். அவர் நிஜமாகத்தான் சொன்னார். ஆனால் மலையைக் காட்டு என்று அந்தப் பெரியவர் கேட்டது என்னிடம். காட்டின கையை இப்போது எப்படிப் பின்னால் கட்டிக்கொள்வது? உள்ளே போனேன். மூன்று பேருமாகத் துடைத்தோம். கடைசியில் என் பையில் இருந்த கோயில் விபூதியை எடுத்து அவர் நெற்றியில் இட்டேன். சிஸ்டர் தலை குனிந்து தன் வழியில் வேண்டிக்கொண்டார்.

மகளும் மகனும் வந்து சேர்ந்தபோது நேரம் ஆகிவிட்டது. அழுது ஓய்ந்து, அந்தப் பெண் அப்பாவின் நெற்றியைப் பார்த்தார். "இது யாரு வெச்சது?" என்றார். நான்தான் என்றேன். என் இரண்டு கையையும் பிடித்து முகத்தில் வைத்துக்கொண்டார்.

அடுத்த டியூட்டிக்காரியும் கூட்டத்தில் மாட்டி, தாமதமாகத்தான் வந்தாள். நான் கிளம்பும்போது நாலு மணி. வண்டி எதுவும் போகாது, கிரிவலப் பாதையிலேயே நடந்துதான் வீட்டுக்குப் போக வேண்டும். வீட்டுக்காரருக்குப் போன் போட்டுச் சொன்னேன். கடையில் சத்தம். "அம்மாகிட்ட சொல்லாத," என்றார். "சொன்னா நாளையிலேர்ந்து வேலை கெடையாது. யாருக்கு தெரியப்போவுது? குளிச்சிட்டு ஏத்திடு."

ஷூவைக் கழற்றிக் கையில் பிடித்துக்கொண்டு நடந்தேன். அத்தனையும் சாமி கும்பிட வந்த ஜனம். யார் மேலும் பட்டுவிடக் கூடாது என்று பாதை ஓரமாகவே ஒதுங்கி ஒதுங்கிப் போனேன். தீபக் கூட்டத்தில் யார் மேலும் படாமல் நடக்கிறதாவது? குழந்தைகள் இடித்தன. ஒரு பாட்டியம்மா என் தோளைப் பிடித்துக்கொண்டு காலில் குத்தின முள்ளைப் பிடுங்கியது. நர்ஸ் டிரஸ்ஸைப் பார்த்துவிட்டு, "சிஸ்டர், ஒரு பிளாஸ்டர் இருக்குமா?" என்று ஒருவர் காலை நீட்டினார். ஒட்டிவிட்டேன். அண்ணாமலையாரே, இத்தனை பேருக்கும் சேர்த்து நீதான் மன்னிக்கணும் என்று வலது பக்கம் மலையைப் பார்த்துச் சொல்லிக்கொண்டே போனேன். சொல்லாமல் மறைத்து விளக்கேற்றினால் வேலை நிலைக்கும். சொன்னால் போய்விடும். வழி முழுக்க இதே நினைப்புதான்.

வீடு வந்தபோது வாசலில் கோலத்தின் மேல் அகல்கள் வரிசையாக இருந்தன. "வந்துட்டியா? சீக்கிரம் பொடவை மாத்து, நேரமாச்சு," என்று அத்தை உள்ளேயிருந்து குரல் கொடுத்தார். நான் கேட்டுக்கு வெளியே நின்றேன். மறைக்க வேண்டும் என்றுதான் வந்தேன். கால் வரவில்லை.

"ஏன் அங்கியே நிக்கற?"

"அத்தை, இன்னிக்கு ஆஸ்பத்திரில ஒருத்தர் தவறிட்டாரு. நான்தான் தொட்டு எல்லாம் செஞ்சேன்."

திட்டினார். நன்றாகவே திட்டினார். "லீவு போடுன்னு தலதலயா அடிச்சிக்கினேனே, கேட்டியா? நல்ல நாளும் அதுவுமா ஊட்டுக்கு என்னாத்த கொண்டாந்திருக்க பாரு. இதுக்குத்தான் இந்த வேலைக்கு அன்னிக்கே யோசிச்சேன்." பக்கத்து வீட்டுக்காரி எட்டிப் பார்த்தாள். அத்தை திட்டிக்கொண்டே சுற்றிப் போய்ப் பின்வாசலில் தண்ணீர் இறைத்து வைத்தார். குளிரில் தலைக்கு ஊற்றிக்கொண்டேன். நான் ஈரத் தலையோடு நிற்கும்போது மலையில் தீபம் தெரிந்தது, ஊரே அரோகரா போட்டது. விளக்குகளை அத்தைதான் ஏற்றினார். நான் தள்ளி நின்று கும்பிட்டேன்.

ராத்திரி பொரி உருண்டை கொடுக்கும்போது மட்டும் கேட்டார். "அந்த ஆளுகூட யாரும் இல்லியா?"

"மகளு வெளிய போயிருந்தாங்க. நான்தான் பக்கத்துல இருந்தேன்."

"ஏதாவது கேட்டாரா?"

"மலை எந்தப் பக்கம்னு கேட்டாரு. காட்டினேன்."

அத்தை எழுந்து உள்ளே போய்விட்டார். வேலை அவ்வளவுதான் என்று நினைத்தேன். காலையில் நான் டிரஸ் போட்டுக்கொண்டு கிளம்பியபோது போ என்றும் சொல்லவில்லை, போகாதே என்றும் சொல்லவில்லை. போனேன்.

சாயங்காலம் திரும்பி வந்தால் கேட்டிலேயே குரல் வந்தது, "பின்பக்கமா வா." போனேன். பக்கெட்டில் வெந்நீர், ஆவி பறந்துகொண்டிருந்தது. பக்கத்தில் துண்டு, துவைத்த புடவை.

"இன்னிக்கு ஒண்ணும் இல்ல அத்தை," என்றேன்.

"நான் கேட்டனா?"

நான் துண்டைக் கையில் எடுத்தேன்.

"நான் கேக்க மாட்டேன், நீயும் சொல்லாத. என்னா நடந்தாலும் நடக்காட்டியும் தெனமும் இங்க வா, தலைக்கு ஊத்து, அப்பறம் உள்ள வந்து வெளக்க ஏத்து." பக்கெட்டை என் பக்கம் நகர்த்திவிட்டு, "நேத்து அந்த ரோட்டுல எத்தினி பேரு மேல பட்டிருப்ப?" என்றார்.

"கணக்கே இல்ல அத்தை."

"அத்தினி பேரையும் கூப்ட்டு குளிக்க வெக்க முடியுமா? சாமிதான் பாத்துக்கணும். ஆறிடும், ஊத்து."

அன்றைக்கு நான் முதல் அகலை ஏற்றியபோது என் கை நடுங்கியது. அத்தை பக்கத்தில் நின்றார். நெருப்புப் பெட்டியை வாங்கிக்கொள்ளவில்லை.

இன்றைக்கும் நான் அந்த வேலையில்தான் இருக்கிறேன். எத்தனையோ பேருடைய கையைக் கடைசியாகப் பிடித்திருக்கிறேன். வீட்டில் ஒரு நாளும் யாரும் கேட்டதில்லை. ஒரு நாளும் நான் பொய் சொல்ல வேண்டியிருந்ததில்லை. இப்போது அத்தைக்கு முடியவில்லை, வெந்நீரை என் வீட்டுக்காரர் வைக்கிறார். பாதி நாள் கொதிக்கக் கொதிக்க வைத்துவிடுகிறார், அது வேறு விஷயம்.

எங்கள் வார்டில் புதிதாகச் சேரும் பிள்ளைகள் முதல் சாவைப் பார்த்த அன்று, "வீட்ல என்னக்கா சொல்றது?" என்று கேட்கிறார்கள். அவர்களுக்காகத்தான் எழுதினேன். உங்கள் வீட்டில் அப்படி ஒரு பெண்ணோ, அப்படி ஒரு மாமியாரோ இருந்தால் இதைச் சொல்லுங்கள். சொல்லும்போது எதையும் கூட்டாதீர்கள், குறைக்காதீர்கள். அவர் திட்டியதை விட்டுவிட்டு வெந்நீரை மட்டும் சொல்லாதீர்கள். வெந்நீரை விட்டுவிட்டுத் திட்டியதை மட்டும் சொல்லாதீர்கள். தீபத்தன்றைக்கு அவர் என்னை விளக்கேற்ற விடவில்லை, மறுநாள் விட்டார். இரண்டையும் நடந்தது போலவே சொல்லுங்கள். அவரும் அப்படித்தான் கேட்டிருக்கிறார்.