கதவுக்கு வெளியே கேட்ட ஏழாம் வாய்ப்பாடு

பன்னிரண்டு வயதுப் பிள்ளைக்குப் பின்னம் சொல்லிக் கொடுக்கலாம், சதவீதம் சொல்லிக் கொடுக்கலாம், ஜெர்மன் இலக்கணத்தைக்கூட எப்படியாவது மண்டைக்குள் ஏற்றிவிடலாம். நான் எல்லாம் செய்தேன். வாயை அசைக்காமல் கணக்குச் செய் என்று பழக்கத்தான் என்னால் முடியவில்லை. இத்தனைக்கும் நான் சூரிச்சில் கணினி படித்துக்கொண்டிருந்தவள். சொந்தத்துக்குள் யாருடைய வீட்டில் வைஃபை நின்றாலும் முதல் அழைப்பு எனக்குத்தான் வரும். அந்தத் திமிரோடுதான் இந்த வேலையையும் தலையில் தூக்கிப் போட்டுக்கொண்டேன்.

பிள்ளை என் சித்தியின் மகள். அவர்கள் இருப்பது சூரிச்சுக்குப் பக்கத்து ஆரா நகரத்தில், மூன்றாம் மாடியில். சித்தி முதியோர் இல்லத்தில் பராமரிப்பு வேலை, சித்தப்பா ஒரு ரெஸ்ரோரண்டின் குசினியில் சமையல். நான் சனிக்கிழமைகளில் ரயில் ஏறிப் போய்ச் சித்தியின் கறியைச் சாப்பிட்டுவிட்டு வருவேன், பதிலுக்குச் சின்னவளுக்கு வீட்டுப்பாடம் பார்ப்பேன். ஏற்பாடு எல்லோருக்கும் பிடித்திருந்தது.

ஆறாம் வகுப்பு முடிய அங்கே பிள்ளைகளை மூன்றாகப் பிரிப்பார்கள். மேலே பெட்ஸ், நடுவில் செக், கீழே றியால். பெட்ஸுக்குப் போனால் பல்கலைக்கழகம்வரை நேர்வழி. செக்குக்குப் போனால் சுற்றுவழி, அதிலும் பாதிப் பேர் இடையில் இறங்கிவிடுவார்கள். சின்னவளின் புள்ளிகள் பெட்ஸுக்குக் கிட்டத்தட்டப் போதும். கணக்கில் அவள் வகுப்பிலேயே கெட்டிக்காரி. ஆனால் பெற்றோர் சந்திப்பில் ஆசிரியை, ஜெர்மன் இன்னும் கொஞ்சம் தேற வேண்டும், செக் என்றால் பிள்ளைக்கு மன அழுத்தம் இருக்காது, நீங்கள் என்ன நினைக்கிறீர்கள் என்று கேட்டிருக்கிறார். சித்தப்பா ஒவ்வொரு வசனத்துக்கும் தலையாட்டியிருக்கிறார். சித்தி போகும்போது கொண்டுபோன மீன் ரோல்ஸ் பெட்டியை மேசையில் வைத்து, உங்களுக்குத்தான் என்று சொல்லியிருக்கிறா. சந்திப்பு இனிதே முடிந்தது.

பக்கத்து வீட்டுச் சுவிஸ் தம்பதி என்றால் மூன்று பக்கத்தில் மறுப்பு எழுதிக்கொண்டு போயிருப்பார்கள். எங்கள் ஆட்களுக்கு ஆசிரியர் கதைக்கும்போது குறுக்கே கதைப்பது, கோவிலில் ஐயரைத் தோளில் பிடித்து விலத்துகிற மாதிரி. ஏன் சித்தப்பா மாட்டேன் என்று சொல்லவில்லை என்று நான் சத்தம் போட்டேன்.

"டீச்சர் நல்ல மனுசியடி பிள்ளை," என்றார். "அவவின்ர முகத்துக்கு நேர எப்பிடி மாட்டன் எண்டுறது?"

அப்போதுதான் நான் அந்தத் தனியார் பள்ளிக்கூடத்தைக் கண்டுபிடித்தேன். ரயிலில் போய்வரக்கூடிய தூரம், கணக்கும் விஞ்ஞானமும் அவர்களுடைய பெருமை, நுழைவுப் பரீட்சையில் நன்றாகச் செய்கிற பிள்ளைக்குக் கட்டணத்தில் பெரும்பகுதி தள்ளுபடி. கொரோனாக் காலத்தில் பரீட்சையை ஒன்லைனுக்குக் கொண்டுபோனவர்கள், பிறகும் அப்படியே வைத்துக்கொண்டார்கள். பிள்ளை வீட்டிலேயே இருந்து எழுதலாம். அறையில் தனியாக இருக்க வேண்டும், கதவு சாத்தியிருக்க வேண்டும், கமராவும் மைக்கும் முழு நேரமும் ஓடும். யாராவது உள்ளே வந்தால் பரீட்சை அந்த இடத்திலேயே முடிந்துவிடும். இதெல்லாம் எனக்குத் தூசு என்று சொன்னேன். சித்தி நம்பினா. அது எனக்கு நன்றாக ஞாபகமிருக்கிறது.

பள்ளிக்கூடத்தின் தளத்தில் பழகிப் பார்க்க ஒரு மாதிரிப் பரீட்சை இருந்தது. என்னுடைய லப்டொப்பில் அதைத் திறந்து, சின்னவளை இருத்திவிட்டு நான் குசினிக்குப் போனேன். தேத்தண்ணி ஆறவில்லை, கூப்பிட்டாள்.

"அக்கா, மஞ்சள் பெட்டி ஒண்டு வருது."

திரையில் பளிச்சென்ற மஞ்சள் பெட்டி. அறையில் இன்னொருவருடைய பேச்சு கேட்கிறது, தயவுசெய்து தனியாக இருங்கள் என்று எழுதியிருந்தது. அறையில் யாரும் இல்லை. பக்கத்தில் ஓடுகிற ரிவியும் இல்லை. திரும்பச் செய் என்று சொல்லிவிட்டுக் கதவோரம் நின்று பார்த்தேன். அப்போதுதான் விளங்கியது. அவள் முணுமுணுத்துக்கொண்டிருந்தாள். ஆறேழு நாற்பத்திரண்டு, ஏழேழு நாற்பத்தொன்பது. மேசைக்குக் கீழே இடதுகையின் கட்டைவிரல் மற்ற விரல்களின் கணுக்களில் ஒவ்வொன்றாக ஏறி இறங்கிக்கொண்டிருந்தது. ஒவ்வொரு முறையும் கண்ணும் கீழே போனது. கொஞ்ச நேரத்தில் இரண்டாவது பெட்டி வந்தது, தயவுசெய்து திரையைப் பாருங்கள் என்று.

வாய்ப்பாடு சித்தப்பா பழக்கியது. சனிக்கிழமைத் தமிழ்ப் பள்ளிக்கு நடந்து போகிற வழியெல்லாம் அவர் ஒன்று சொல்ல இவள் அடுத்ததைச் சொல்ல வேண்டும். விரல் கணுவில் எண்ணுவதும் அவருடையதுதான். ஜெர்மனில் நாற்பத்திரண்டை இரண்டும் நாற்பதும் என்று பின்பக்கமாகச் சொல்ல வேண்டும், சின்ன வயதில் இவள் அதையே திருப்பி இருபத்திநாலு என்று எழுதி வைப்பாள். தமிழில் எண்ணத் தொடங்கிய பிறகு அந்தப் பிழை நின்றது. வகுப்பில் கெட்டிக்காரி ஆனதும் அதற்குப் பிறகுதான். இப்போது படிக்கிற பள்ளிக்கூடத்தில் யாரும் அதைப் பெரிதாக எடுக்கவில்லை, அங்கே முணுமுணுப்பைக் கேட்க மைக் இல்லை.

சரி, பழக்கிவிடலாம் என்று நினைத்தேன். முதலில் சும்மா சொல்லிப் பார்த்தேன், மனதுக்குள் சொல்லு என்று.

"வாயை மூடினா இலக்கம் வராது அக்கா."

"மண்டைக்குள்ள சொல்லடி."

"மண்டைக்குள்ள ஆர் சொல்லுறது?"

வாயில் ஒரு மிடறு தண்ணீரை வைத்துக்கொண்டு செய்யச் சொன்னேன். மூன்றாவது கணக்கில் அவளுக்குச் சிரிப்பு வந்து, தண்ணீர் முழுவதும் என் கீபோர்டில். பென்சிலைப் பல்லுக்கிடையில் வைத்துப் பார்த்தோம். சத்தம் குறைந்தது, ஆனால் பென்சில் ஆடிய ஆட்டத்துக்கே மஞ்சள் பெட்டி வந்தது. கையைத் தொடைக்கு அடியில் வைத்துக்கொண்டு இரு என்றேன். இருந்தாள். கண் திரையில், உதடு ஒட்டியபடி, பார்க்க நல்ல சுவிஸ் பிள்ளை மாதிரி. விடைதான் வரவில்லை. வழமையாகக் கண் மூடித் திறப்பதற்குள் செய்கிற கணக்கின் முன்னால், ஒன்றும் தெரியாதவள் மாதிரி இருந்தாள். கடைசியில் ஜெர்மன் வாய்ப்பாட்டைப் பாடமாக்கச் சொன்னேன். பழைய பிழை திரும்ப வந்தது. நாற்பத்திரண்டு இருபத்திநாலாகியது.

சித்தப்பா ஒரு சனிக்கிழமை வேலைக்குப் போக முதல் காலில் சப்பாத்தைப் போட்டுக்கொண்டே இதைப் பார்த்துக்கொண்டு நின்றார். தான் சொல்லிக் கொடுத்தது பிழையோ என்று கேட்டார். இல்லை சித்தப்பா, மெஷின் அப்படி என்றேன். அவர் மெஷினைப் பார்த்துத் தலையாட்டினார். எனக்கு அன்றைக்கு அந்தத் தலையாட்டலைப் பார்க்கவே முடியவில்லை.

அந்தத் தனியார் பள்ளிக்கூடத்துக்கு ஒரு மின்னஞ்சல் போட்டேன். பிள்ளை சத்தமாக எண்ணுகிற பழக்கம் உள்ளவள், வேறு மொழியில் எண்ணுவாள், தேவையென்றால் நேரில் வந்து எழுதலாமா என்று கேட்டேன். மரியாதையான பதில் வந்தது. எல்லாப் பிள்ளைகளுக்கும் ஒரே விதி, மருத்துவச் சான்றிதழ் இருந்தால் தனி ஏற்பாடு பற்றி யோசிக்கலாம்.

நான் வாசித்து மொழிபெயர்த்ததைக் கேட்டுச் சித்தி வெங்காயம் வெட்டுவதை நிறுத்தினா.

"டொக்டர் என்ன வருத்தம் எண்டு எழுதுறது? தமிழில எண்ணுற வருத்தமோ?"

அன்றைக்கு எல்லோரும் சிரித்தோம். சித்திதான் கூடுதலாகச் சிரித்தது.

பரீட்சைக்கு முதல் வாரம் ஒரு முன்னேற்றம் வந்தது. உதட்டை உள்ளுக்குள் மடித்துக் கடித்துக்கொண்டு, நாக்கால் மட்டும் எண்ணக் கற்றுக்கொண்டாள். மெதுவாகத்தான், ஆனால் பெட்டி வரவில்லை. கடைசியாக எழுதிய மாதிரிப் பரீட்சை முழுவதையும் ஒரு மஞ்சள் பெட்டிகூட இல்லாமல் முடித்தாள். எனக்கு அவளைத் தூக்கிச் சுற்ற வேண்டும் போல் இருந்தது. உதட்டின் உட்பக்கத்தில் புண் வந்திருந்தது, சித்தி நல்லெண்ணெய் பூசி விட்டா.

பரீட்சை நாள் காலை வீடே ஆஸ்பத்திரி மாதிரி இருந்தது. சித்தி வாசல் மணியைக் கழற்றி வைத்தா. மேல்மாடிக்காரரிடம் இன்றைக்குக் கொஞ்சம் மெதுவாக நடக்கச் சொல்லிச் சித்தப்பா முதல்நாளே ஒரு தட்டுப் பட்டீஸ் கொடுத்திருந்தார். குக்கர் விசிலடிக்கும் என்று சோறு வைக்கவில்லை, பேக்கரிப் பாண்தான். சித்தி திருநீறு பூசினா. கமராவுக்கு முகம் வித்தியாசமாகத் தெரியுமோ என்று நான் அதைத் துடைக்கப் போக, என் கையைத் தட்டிவிட்டா. பிறகு தானே யோசித்துப் பார்த்து, பாதியைத் துடைத்தா.

சின்னவள் உள்ளே போனாள், கதவைச் சாத்திக்கொண்டாள். நாங்கள் மூன்று பேரும் அறைக்கு வெளியே நடையில், சப்பாத்து அலுமாரிக்குப் பக்கத்தில், காலுறையோடு நின்றோம். குசினியில் போய் இருந்திருக்கலாம். யாரும் போகவில்லை.

முதலில் ஜெர்மன் பகுதி. தட்டுகிற சத்தம் மட்டும் கேட்டது. பிறகு கணக்கு தொடங்கியிருக்க வேண்டும், ஏனென்றால் எல்லாம் அமைதியாகிவிட்டது. அந்த அமைதி எனக்குப் பழக்கம். விடை வராத அமைதி அது. சித்தி என் கையைப் பிடித்தா. உள்ளே அவள் இருந்த கதிரை ஒருமுறை கிறீச்சிட்டது. திரும்பவும் அமைதி.

பிறகு மெல்லக் கேட்டது. ஏழெட்டு ஐம்பத்தாறு.

முதலில் காற்று மாதிரி. பிறகு கொஞ்சம் தெளிவாக. ஏழொன்பது அறுபத்துமூன்று, மிச்சம் நாலு. அவள் தொடங்கிவிட்டாள், இனி நிற்காது. கட்டைவிரல் ஓடுவதுகூட எனக்குத் தெரிந்த மாதிரி இருந்தது. சித்தப்பாவைப் பார்த்தேன். அவருடைய உதடு அவளோடு சேர்ந்து அசைந்துகொண்டிருந்தது. அவள் ஒரு விடைக்கு வந்து சேரும்போது அவர் முகத்தில் ஒரு சிரிப்பு வந்தது, உடனே எங்கே நிற்கிறோம் என்ற நினைப்பு வந்து அது போனது. அடுத்த விடைக்குத் திரும்பவும் வந்தது. எல்லாம் சரியாகச் சொல்லிக்கொண்டிருந்தாள். அவ்வளவு வேகமாக அவள் கணக்குச் செய்து நான் கேட்டதேயில்லை.

நான் கதவுப் பிடியில் கையை வைத்தேன். திறந்தால் பரீட்சை முடிந்தது. தட்டினால் அந்தச் சத்தத்தை மைக் பிடிக்கும். கூப்பிட்டால் இன்னும் மோசம். உள்ளே மஞ்சள் பெட்டி வந்திருக்கும், பார்த்து நிறுத்துவாள் என்று காத்திருந்தேன். அவள் நிறுத்தவில்லை. சித்தி என் காதருகே வந்து, நீ கணினி படிக்கிறனீதானே, ஏதும் செய்யேலாதோ என்று மூச்சாலேயே கேட்டா. நான் பிடியிலிருந்து கையை எடுத்தேன்.

வெளியே வரும்போது அவள் முகம் பூரித்திருந்தது. எல்லாக் கணக்கும் செய்து முடித்தாளாம். ஒரு பெட்டிகூட வரவில்லையாம். முதல் கொஞ்ச நேரம் உதட்டைக் கடித்துக்கொண்டு இருந்தாள், ஒன்றும் ஓடவில்லை, தெரியாமல் ஒருமுறை வாய்விட்டு எண்ணியபோதும் பெட்டி வரவில்லை, சரி, உண்மைப் பரீட்சையில் அது இல்லைப் போல என்று நினைத்துவிட்டாள். அன்றிரவே விதிகளைத் திரும்ப வாசித்தேன். எச்சரிக்கை காட்டுவது மாதிரிப் பரீட்சையில் மட்டும்தான். உண்மைப் பரீட்சையில் எல்லாம் சத்தமில்லாமல் பதிவாகும், பிறகு ஆட்கள் பார்ப்பார்கள். நான் அதை யாருக்கும் சொல்லவில்லை. சொல்லி என்ன, எழுதி முடிந்துவிட்டது.

பதில் வந்தது. ஜெர்மன் பகுதி நன்றாக இருக்கிறதாம். அந்தப் பாழாய்ப்போன ஜெர்மன். கணக்குப் பகுதியில் தொடர்ந்து பேச்சுப் பதிவாகியிருப்பதால் அதை மதிப்பிட முடியாது, இந்த வருடம் விண்ணப்பத்தை மேற்கொண்டு எடுக்க முடியாது என்று எழுதியிருந்தார்கள்.

நான் தொலைபேசியில் கூப்பிட்டேன். சண்டைக்குத் தயாராகத்தான் கூப்பிட்டேன். எடுத்தவருக்கு இளம் குரல், நல்ல மாதிரி, முழுவதையும் குறுக்கிடாமல் கேட்டார். தனிப்பட்ட முறையில் உங்களை நம்புகிறேன் என்றார். ஆனால் அந்த மொழி தங்களில் யாருக்கும் தெரியாது, பிள்ளை தனக்குத்தானே எண்ணுகிறாளா, யாரிடமாவது விடை கேட்கிறாளா என்று தங்களால் பிரித்துப் பார்க்க முடியாது என்றார். நான் மொழிபெயர்த்துத் தருகிறேன் என்றேன். நீங்கள் குடும்பத்தவர் அல்லவா என்றார், இன்னும் மரியாதையாக. கோபப்பட ஒரு இடம் தரமாட்டேன் என்கிறார் மனிதர். அடுத்த வருடம் திரும்பவும் முயற்சிக்கலாம் என்று வாழ்த்திவிட்டு வைத்தார்.

சித்தப்பாவுக்குச் சொன்னேன். "அந்தத் தம்பி பாவம், அவர் என்ன செய்யிறது," என்றார். "அவருக்கும் மேல ஆக்கள் இருப்பினம்தானே." சித்தி, வேலைக்கு நேரமாகிவிட்டது என்று பையை எடுத்துக்கொண்டு போய்விட்டா. நேரம் ஆகவில்லை என்று எனக்குத் தெரியும்.

சின்னவள் தன் அறையில், அதே மேசையில் இருந்தாள். செக்கில் தன்னுடைய இரண்டு சிநேகிதிகளும் வருகிறார்கள், பரவாயில்லை என்றாள். கொஞ்ச நேரம் என்னுடைய லப்டொப்பின் மூடியைத் திறந்து திறந்து மூடினாள்.

"கணக்கில எனக்கு எத்தினை சரியாம்?"

"அவை திருத்தேல்லையடி."

"ஒருத்தருமே பாக்கேல்லையோ?"

"நாங்கள் கேட்டதெல்லாம் சரி," என்றேன். "அப்பாவும் கேட்டவர். ஒண்டும் பிழைக்கேல்லை."

அவள் நிமிர்ந்து பார்த்தாள்.

"அப்ப வெளியில நிண்டு கேட்டுக்கொண்டே நிண்டனீங்கள்?"

"ஓம்."

"ஏன் அக்கா வந்து நிப்பாட்டேல்லை?"

"வந்திருந்தா சோதினை அதோட முடிஞ்சிருக்கும்."

"முடிஞ்சுதானே போச்சு," என்றாள்.

சொல்லிவிட்டு லப்டொப்பை மூடி என் பக்கம் தள்ளினாள். சார்ஜர் வயரையும் கழற்றி, ஒழுங்காகச் சுற்றி, அதன்மேல் வைத்தாள்.