சமையலறையை ஒழித்த வாரம்

எழுபதுகளின் தொடக்கத்தில் நாங்கள் அபிராமபுரத்தில் ஒரு பெரிய வீட்டின் பின்கட்டில் குடியிருந்தோம். ஓர் அறை, ஒரு சமையலறை, மூன்று பேர். அப்பாவுக்கு தி. நகரில் ஒரு ஜவுளிக்கடையில் துணி கிழித்துக் கொடுக்கும் வேலை. எனக்கு எட்டு வயது. அம்மாவுக்கு வயிற்றில் கட்டி என்றும், ஆபரேஷன் செய்தால் சரியாகிவிடும் என்றும் என்னிடம் சொல்லியிருந்தார்கள். சரியாகிவிடும் என்பதை மட்டும் நான் காதில் வாங்கிக்கொண்டேன்.

ஆஸ்பத்திரியில் சேர நாள் குறித்ததும் அம்மா வீட்டை ஒழிக்க ஆரம்பித்தாள். பொங்கலுக்கு இன்னும் எத்தனையோ மாதம் இருந்தது. ஸ்டூலில் ஏறிப் பரணிலிருந்து அண்டா, தவலை என்று ஒவ்வொன்றாக இறக்குவாள். ஒன்றை இறக்கியதும் சுவரில் சாய்ந்து உட்கார்ந்துவிடுவாள். மூச்சு அடங்கிய பிறகுதான் அடுத்தது. சாயங்காலம் கடையிலிருந்து வரும் அப்பா எல்லாவற்றையும் மறுபடி பரணில் ஏற்றுவார். மறுநாள் அம்மா இறக்குவாள். எனக்கு அது நல்ல வேடிக்கையாக இருந்தது.

"வந்து பாத்துக்கலாமில்ல, இப்ப என்ன அவசரம்?" என்று ஒருநாள் அப்பா குரலை உயர்த்தினார்.

"இவ்வளவு பெரிய பானைய இந்தப் பிள்ளை தூக்குமா?" என்றாள் அம்மா.

அப்பா அன்று சாப்பிடாமலேயே வெளியே போய்விட்டார். அதன் பிறகு பாத்திரங்கள் பரணுக்குத் திரும்பவில்லை.

பழைய துணிக்குப் பாத்திரம் கொடுக்கிற அம்மாள் தெருவில் போனபோது அம்மா கூப்பிட்டாள். அண்டாவோடு தன் ஜரிகைப் புடவைகளையும் எடுத்து வைத்தாள்.

"இன்னாம்மா, வூட்ட காலி பண்றியா?"

"இல்ல, எடத்த அடைச்சுக்கிட்டு கிடக்கு. சின்னதா ஒரு பானை கொடும்மா. ரெண்டு பேருக்கு வடிக்கிற மாதிரி."

"நாம மூணு பேரும்மா" என்று நான் திருத்தினேன்.

"நாந்தான் இப்பல்லாம் சரியாவே சாப்பிடறதில்லையே."

அது உண்மைதான். அதனால் நான் ஒத்துக்கொண்டேன். அந்த அம்மாள் பேரத்தை அதோடு நிறுத்திக்கொண்டு, கேட்காமலேயே ஒரு கரண்டியையும் வைத்துவிட்டுப் போனாள்.

கடை விடுமுறையன்று அப்பா சுத்தியலை எடுத்தார். உயரத்தில் இருந்த சமையலறைப் பலகையைக் கழற்றினார். அம்மா என்னைச் சுவரோரம் நிறுத்தி, என் தோளுக்கு நேரே கரியால் கோடு போட்டு, "இங்க அடிங்க" என்றாள். அப்பா சில ஆணிகளை அடித்தார். கடைசி ஆணியை வெகுநேரம் கையிலேயே வைத்திருந்தார். "இன்னும் ஒண்ணு இருக்குப்பா" என்று நான்தான் நினைவுபடுத்தினேன்.

பிறகு எங்களுக்குள் ஒரு விளையாட்டு. அம்மா பாயில் படுத்தபடி உப்பு, புளி, துவரம்பருப்பு என்று ஒவ்வொரு பேராகச் சொல்வாள். நான் ஓடிப்போய் எடுத்து வருவேன். எனக்கே எனக்கென்று ஒரு சமையலறை கிடைத்துவிட்டதாக, பள்ளிக்கூடத்தில் பெருமை அடித்துக்கொண்டேன்.

அம்மா ஆஸ்பத்திரியிலிருந்து திரும்பி வரவில்லை.

காரியத்துக்கு ஊரிலிருந்து உறவுக்காரர்கள் வந்தார்கள். எங்கள் சமையலறையில் அத்தனை பேருக்கும் பெரியம்மாதான் சமைத்தாள். அம்மாவின் அக்கா அவள். ஒவ்வொரு சாமானுக்கும் குனிந்து குனிந்து அலுத்துப்போய், "யாரு இத இவ்வளவு கீழே அடிச்சது? இடுப்பே ஒடிஞ்சு போகுது!" என்றாள்.

நான் அவள் பக்கத்தில் போய், எக்காமல் குனியாமல் உப்பு ஜாடியை எடுத்துக் கொடுத்தேன்.

பெரியம்மா ஜாடியை வாங்கவில்லை. பலகையைப் பார்த்தாள், என் தோளைப் பார்த்தாள். அப்படியே தரையில் உட்கார்ந்து, அம்மாவின் பெயரைச் சொல்லி ஓவென்று அழுதாள்.

இடுப்பு வலி தாங்கவில்லை போலிருக்கிறது என்று நினைத்தேன்.

"நீங்க குனியவே வேண்டாம் பெரியம்மா" என்றேன். "எது வேணும்னாலும் என்னைக் கேளுங்க."