உறைக்குள் இருந்த மரச்சட்டம்

கடலூர் ஓ.டி.யில் எங்கள் தெருப் பள்ளிவாசலில், வெள்ளிக்கிழமை குத்பாப் பிரசங்கம் ஓதும் கத்தீபு ஒரு வாளை உறையோடு ஊன்றிக்கொண்டு நிற்பார். யாரும் அதை உருவுவதில்லை. மௌத்தாகி அடக்கமாகிவிட்ட என் வாப்பா கப்பலில் கொண்டுவந்து கொடுத்தது. மக்கத்து வாள் என்று ஊரெல்லாம் பேச்சு. வாப்பாவும் இல்லையென்று சொன்னதில்லை.

அறுபதுகளின் தொடக்கத்தில், போர்ட் சூடான் கடை வேலையை விட்டு நான் திரும்பியிருந்த சமயம், உறையின் தையல் பிரிந்துவிட்டது. அங்கே வாளுறைகள் தைத்துப் பழகியவன் என்பதால் பள்ளிவாசல் நிர்வாகி என்னிடம் கொடுத்தார். வாளையும் துடைத்துக் கொண்டுவா, இந்த வெள்ளிக்கிழமை ஜும்ஆவில் உருவி எல்லோருக்கும் காட்டுவோம் என்றார்.

வீட்டில் வைத்துக் கிட்டத்தில் பார்த்ததுமே தூக்கிவாரிப் போட்டது. சிலுவை மாதிரிக் கைப்பிடி, முனையில் இலைபோல அகன்ற தோலுறை. மக்காவாவது மண்ணாங்கட்டியாவது! சூடான்காரர்கள் தோளில் மாட்டிக்கொண்டு திரியும் வாள். சரி, அதுவாவது போகட்டும் என்று எண்ணெய் விட்டு இழுத்தேன். ஒரு சாண் இரும்பு வந்தது. மிச்சமெல்லாம் மரச்சட்டம். இரும்பை யாரோ ரம்பத்தால் அறுத்திருந்தார்கள். வெள்ளிக்கிழமை வாப்பாவின் பேர் சந்தி சிரிக்கப்போகிறது.

அந்தத் துண்டில் நீளவாக்கில் மூன்று வரிப்பள்ளங்கள். எங்கேயோ பார்த்திருக்கிறோமே என்று யோசித்தபடி அடுப்படிக்குப் போனேன். உம்மா சங்கரா மீன் அரிந்துகொண்டிருந்தாள். அரிவாள்மணையில் அதே மூன்று பள்ளங்கள். வாள்துண்டை அவள் முன்னால் நீட்டினேன்.

"உங்க வாப்பாதான் அறுத்தாரு. உலகச் சண்டைக் காலம், இரும்பு எங்க கெடச்சுது? பள்ளியில உறையத்தான புடிப்பாங்க, நீ மீனரிய என்னா பண்ணுவேன்னாரு," என்றாள், தலையைக்கூட நிமிர்த்தாமல்.

ஆனால் வெள்ளிக்கிழமை சங்கதியைச் சொன்னதும், மணையிலிருந்து அந்த இரும்பைத் தானே கழற்றிக் கையில் கொடுத்தாள். புவனகிரிக் கொல்லர் காய்ச்சி நிமிர்த்திப் பழைய துண்டோடு ஒட்டவைத்தார். வாள் கொஞ்சம் குட்டைதான். உறையைத் தைத்து முடித்துக் கொண்டுபோனேன்.

ஜும்ஆவில் உருவிக் காட்டினார்கள். எல்லோருக்கும் சந்தோஷம். எனக்கு அப்போதுதான் மூச்சு வந்தது. தொழுகை முடிந்ததும் கத்தீபு என்னை ஓரமாக அழைத்தார். வாப்பாவின் கூட்டாளி அவர், வயதானவர்.

"இப்பதான் தம்பி கனமா இருக்கு. இத்தன வருசமும் வெறும் மரக்கட்டையத்தான் புடிச்சிக்கிட்டு நின்னேன். உங்க வாப்பாவுக்காவ நா மூச்சு விடல," என்றார்.

பிறகு அவர் குரலைத் தாழ்த்திக் கேட்டார்:

"உங்க உம்மா இப்ப எதுல மீனு அரியிறாங்க?"